பன்னிரண்டாவது முகம்

காகத்தைப் படம் எடுப்பதில் அப்படி என்ன பெரிய கஷ்டம் என்று கேட்கிறவர்கள், ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். கேமராவுக்கும் கறுப்புக்கும் ஏழாம் பொருத்தம். வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துப் போகும். குறைத்தால் காகம் இருக்க வேண்டிய இடத்தில் காக வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கும். கண் எங்கே, மூக்கு எங்கே என்று விரல் வைத்துத் தேட வேண்டும். இது ஊர் உலகத்துக்கெல்லாம் உள்ள கஷ்டம். பாஸ்போர்ட்டக்காவுக்கு இருந்த கஷ்டம் வேறு. காகங்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

ஆகாது என்றால் ஏதோ பேச்சுக்குச் சொல்வதில்லை. மொட்டை மாடியில் அவள் தலை தெரிந்தால் போதும், பின்பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து ஒன்று கத்தும். உடனே நாலு வரும், பிறகு பத்து வரும், அப்புறம் உச்சந்தலையில் ஒரு அடி விழும். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல், பனிக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு துணி காயப்போடுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தெரு பார்த்திருக்கிறது. பக்கத்தில் நிற்கிற அவளுடைய நாத்தனாரின் தலைக்கு ஒன்றும் ஆகாது. தெருவே கூடி நின்றாலும், அடி அக்காவுக்கு மட்டும்தான்.

இத்தனைக்கும் முகங்கள்தான் அவள் பிழைப்பு. கடைவீதியில் மருந்துக்கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் அவள் ஸ்டூடியோ. கீழே ஸ்டூடியோ, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு. அவள் படம் எடுப்பாள், நாத்தனார் பிரிண்ட் போட்டு வெட்டி உறையில் போடுவாள். பாஸ்போர்ட், லைசென்ஸ், வேலை விண்ணப்பம், அடையாள அட்டை. "நிமிர்ந்து உக்காருங்க. முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காதீங்க, கண்ணை மூடாதீங்க." இதைத் தூக்கத்தில்கூடச் சொல்கிறாள் என்று பேருந்து ஓட்டுகிற அவள் கணவர் சத்தியம் செய்வார். அவள் எடுத்த படத்தை எந்த அலுவலகமும் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவளுக்கு அசாத்தியப் பெருமை.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். கல்யாணப் படம் எடுக்கிறவன்கூட ஆல்பத்தின் மூலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான். பாஸ்போர்ட் படத்தில் யார் போடுவார்கள்? வட்டாரத்தில் முகம் என்று ஒன்று வைத்திருக்கிற அத்தனை பேரையும் எடுத்தாயிற்று. ஆனாலும் ஓரிடத்திலாவது 'படம்: இன்னார்' என்று அவள் பெயர் அச்சில் வந்ததில்லை. ஒருமுறையாவது வர வேண்டும் என்பது அவள் ஆசை. ஒளித்து வைத்த ஆசையெல்லாம் இல்லை, கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லுவாள். ஆசைப்படுவதில் என்ன வெட்கம்?

பறவைகள் வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். ஒரு பனிக்காலக் காலையில் மாடிக்குப் போனவள், எதிர்வீடு, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம் எதையும் காணாமல் திகைத்து நின்றாள். எல்லாவற்றையும் மூட்டம் விழுங்கியிருந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு மைனா மட்டும் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரே வெள்ளை, ஒரு நிழல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. "அடேங்கப்பா, எம்மாம் பெரிய ஸ்கிரீன்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தாள். மைனா இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. ஊரில் மற்றவர்களாக இருந்தால் அப்போதே எடுத்திருப்பார்கள். இவள் எடுக்கவில்லை. முகம் நேராகத் திரும்பும் வரை காத்திருந்தாள். முப்பது நிமிஷம் கழித்து அது நேருக்கு நேர் திரும்பியபோது அழுத்தினாள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அப்படியே அனுப்பலாம்.

அன்றிலிருந்து பனிக்காலம் வந்துவிட்டால் காலை ஏழிலிருந்து எட்டரை வரை மாடியும் தெருவும்தான் ஸ்டூடியோ. சிட்டுக்குருவி, புறா, அணில், எங்கிருந்தோ குளிருக்கு வந்து தங்குகிற வாலாட்டி, சாக்கடை ஓரத்துக் கொக்கு, கழுநீர்க் குழாயில் ஒட்டிக்கொண்டு குளிரில் விறைத்துப் போயிருக்கும் பல்லி, தெருநாய் என்று, காகத்தைத் தவிர யாரையும் விடவில்லை. எல்லாரும் நேராகப் பார்க்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளை. சிட்டுக்குருவியை நேருக்கு நேர் பார்த்தவர்கள் குறைவு. மூக்குக்கு மேலே கோபம் வைத்திருக்கும் ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கும். படங்களைச் சட்டம் போட்டு ஸ்டூடியோ சுவரில் மாட்டினாள். வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு பதிப்பகத்து அம்மா. ஸ்டூலில் உட்கார்ந்தவர் கேமராவைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இங்க பாருங்க."

"இதெல்லாம் யாரு எடுத்தது?"

"இங்க வேற யாரு இருக்கா? நான்தான். கண்ணை மூடாதீங்க."

குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் போடலாம் என்றார் அவர். பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு முகம். தினமும் பார்த்தும் பார்க்காத உயிர்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, படம் எடுத்தவர் தன் வார்த்தையில் எழுதிய ஒரு வரி. அதற்குக் கீழே அவர் பெயர். அட்டையில் காகம், ஏனென்றால் குழந்தைக்கு முதலில் தெரிகிற பறவை அதுதான். அட்டையிலும் பெயர் வரும். ஒரே ஒரு நிபந்தனை. எந்த உயிரையும் பிடிக்காமல், கட்டாமல், அடைக்காமல், இருந்த இடத்தில் இருந்தபடி எடுத்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"அதுக்கென்ன மேடம், பன்னெண்டுக்கும் போட்டுத் தரேன்," என்றாள் பாஸ்போர்ட்டக்கா. அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் இல்லை.

பதினொரு முகம் தயார். பன்னிரண்டாவதுதான் காகம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் காகம் வராவிட்டால் புலிக்காரரிடம் ஒரு படம் வாங்கிப் போட்டுவிடுவதாகவும், அப்படியானால் அட்டையில் அவர் பெயர்தான் வரும் என்றும் பதிப்பகத்து அம்மா சங்கடத்தோடுதான் சொன்னார்.

புலிக்காரர் அந்த ஊர்க் கேமராக் கழகத்தின் தலைவர். காட்டுக்குப் போய்ப் புலி எடுப்பார், மாலையில் அதைப் பத்துப் பேரிடம் காட்டுவார். 'பாஸ்போர்ட்டக்கா' என்று அவளுக்குப் பட்டம் கட்டியதே அவர்தான். திங்கட்கிழமை அவரும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுக் காட்டுக்குப் போகிறாராம், பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டுமாம்.

"காக்காவுக்குப் போய் இவ்வளவு பாடா? என் கம்ப்யூட்டர்ல நூறு காக்கா கிடக்கும்க்கா. சொன்னா அனுப்பி விட்டுர்றேன்," என்றார் தாராளமாக.

"உங்க காக்கா எங்க பாக்குது சார்?"

"எங்க பாத்தா என்ன? காக்காதானே."

"முகவாயை இறக்குங்க. இன்னும் கொஞ்சம். சிரிக்காதீங்க," என்றாள். சிரிப்பு முழுதாகப் போகும் வரை விடாமல் உட்கார வைத்து, அப்புறம்தான் எடுத்தாள்.

சரி, காகங்களுக்கு இவள்மேல் என்ன கோபம்? அதையும் சொல்லிவிடுவோம்.

போன வெயில் காலத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு காகக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. சிறகு முக்கால்வாசி முளைத்திருந்தது, பறக்கத் தெரியவில்லை. கண் காகத்துக்கு உள்ள மாதிரி இல்லாமல் லேசாக நீலமாக இருந்தது. பெற்றவை விட்டுவிட்டுப் போய்விட்டன என்று நினைத்தாள். அது போகட்டும், எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் குஞ்சைத் தூக்கியபோது அவள் மனதில் இருந்தது இரக்கம் மட்டும் இல்லை. வெயில் காலத்தில் மூட்டம் ஏது? கீழே ஸ்டூடியோவில் வெள்ளைத் திரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. இப்படி ஒரு முகம் தானாக வந்து உட்காருமா? உள்ளே கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தாள். விளக்கு பளிச்சிட்டபோதெல்லாம் குஞ்சு, இரை வருகிறது என்று நினைத்து வாயைப் பிளந்தது. வெளியே இரண்டு காகங்கள் ஜன்னல் கண்ணாடியை மூக்கால் இடித்துக்கொண்டே இருந்தன. நாலு படம் நன்றாக வரும் வரை அவள் நிறுத்தவில்லை. பிறகு வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். குஞ்சை மரத்தடியில் திரும்ப விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் காலையில் அந்த இடத்தில் கொஞ்சம் இறகு மட்டும் கிடந்தது. சாக்கடைப் பக்கம் ஒரு பூனை வாயை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேட்டவர்களிடம் "பறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டாள். பிற்பாடு, கால்நடை மருத்துவர் ஒருவர் படம் எடுக்க வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டாள். குஞ்சுகள் அப்படித்தான் இறங்கும், இரண்டு மூன்று நாள் தரையிலேயே இருக்கும், தாயும் தகப்பனும் மேலேயிருந்து காவல் காத்து ஊட்டும், தொடாமல் இருந்தாலே பிழைத்துவிடும் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.  யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு எந்த உயிரையும் கையால் தொட்டதும் இல்லை. காகங்களுக்கு இது தெரியுமா? அவை முகத்தை மறக்கிற சாதி இல்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமை கணவருடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். காகங்கள் சும்மா இருந்தன. ஆனால் ஹெல்மெட்டின் முன்கண்ணாடி கேமராவைக் கண்ணருகே வர விடவில்லை. அதைத் தூக்கினாள். மூன்று விரல்கடை முகம்தான் தெரிந்திருக்கும். மரத்திலிருந்து ஒன்று "கா" என்றது. அவ்வளவுதான், ஹெல்மெட்டின் மேல் டொக் டொக்கென்று விழ ஆரம்பித்தது. கீழே வந்து கழற்றியபோது நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி, சாலை விதியை மதிக்கிற ஒரே போட்டோகிராபர் நீங்கதான்."

"சிரி, சிரி. நாளைக்கு உன்னைத்தான் அனுப்பப் போறேன்."

புதன்கிழமை சொன்னபடியே அனுப்பினாள். நாத்தனார் கேமராவோடு போய் அறுபத்தெட்டுப் படம் எடுத்து வந்தாள். காகங்கள் அவளைச் சட்டை செய்யவே இல்லை. நாற்பது படத்தில் வால், இருபத்தேழில் பாதிக் காகம், ஒன்றில் அவளுடைய கட்டை விரல்.

"விரல் நல்லா வந்திருக்கு," என்றாள் பாஸ்போர்ட்டக்கா.

வியாழக்கிழமை போர்வையால் தலையை மூடி, முகக் கவசம் கட்டி, கண் மட்டும் தெரிய அவளே போனாள். இது பலித்தது. ஒரு காகம் ஆறடி தூரத்தில் வந்து உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரில் மூக்கைத் தீட்டியது, இறகைக் கோதியது, கீழே தெருவைப் பார்த்தது. முப்பது படம் எடுத்தாள். வெளிச்சத்தைத் துணிந்து கூட்டி, பக்கத்தில் ஒரு தெர்மகோல் அட்டையைச் சாய்த்து வைத்திருந்ததால் இறகு இறகாகக் கறுப்பு பிரிந்து வந்தது. அந்த வித்தை புலிக்காரருக்குத் தெரியாது. ஆனால் ஒரு படத்திலும் காகம் அவளைப் பார்க்கவில்லை. முக்காடு போட்டு நிற்கிற எவளோ ஒருத்தியை அது ஏன் பார்க்க வேண்டும்? மூஞ்சியை மூடிக்கொண்டு வருகிற வாடிக்கையாளரை இவளே திருப்பி அனுப்பிவிடுவாளே.

சாயங்காலம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இதுல ஒண்ணை அனுப்பிடலாம் அண்ணி. நல்லாத்தானே இருக்கு?"

"பதினோரு பேரு நேராப் பாத்துக்கிட்டு இருக்காங்க. பன்னெண்டாவது ஆளு தெருவைப் பாத்தா எப்படி? அந்தம்மா தள்ளிடுவாங்க."

 நாத்தனார் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தாள். திரை முழுக்க வெள்ளை. நடுவில் அந்தக் குஞ்சு, நீலக் கண்ணை விரித்து, வாயைப் பிளந்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுதான் இருக்கே! வெள்ளை பேக்ரவுண்டு, நேர் முகம், காக்காவும்தான். மாடியில எடுத்தேன்னு கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது? உங்க பேரு வரணும் அண்ணி. இருபத்திரண்டு வருஷம்."

பாஸ்போர்ட்டக்கா படத்தைப் பார்த்தாள். நல்ல படம், அவள் எடுத்ததிலேயே நல்ல படம் என்றுகூடச் சொல்லலாம். படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள்.  சட்டென்று கண் நிறைந்துவிட்டது. நாத்தனார் பயந்து போனாள். அண்ணி அழுது அவள் பார்த்ததே இல்லை.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு?"

"பறந்துபோச்சுன்னு சொன்னேன்ல? பறக்கல. செத்துப்போச்சு. பூனை தின்னுடுச்சு. நான் எடுத்துட்டு வராம இருந்திருந்தா பொழச்சிருக்கும்."

 ஜன்னலை இடித்த சத்தத்தை அன்றைக்கு நாத்தனாரும் கேட்டிருந்தாள். கையிலிருந்த படங்களை நிறுத்தாமல் அவளும் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். கை நீட்டி அந்தக் கோப்பை மூடினாள்.

"ஏன் அண்ணி இத்தனை நாள் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? எல்லாரும் 'நல்ல வேளை, காப்பாத்தினியே'ன்னு சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அழுகை வந்த வேகத்தில் போயும்விட்டது, அவள் சுபாவம் அப்படி. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நாளைக்குக் காலைல கிடைக்கும். எனக்குத் தெரியும். தலையை மூடாமப் போறேன்."

"கண்ணைக் கிண்ணைக் கொத்திடப் போகுது!"

"அடிக்கும், கொத்தாது. இத்தனை மாசமா வாங்குறேன், எனக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை மூட்டம் அப்படி ஒரு மூட்டமாக இருந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றால் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் உலகமே இல்லை. அவள் கீழேயிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் அதே ஸ்டூல்தான். சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போட்டாள். தெர்மகோல் அட்டையைச் சாய்த்தாள், வெளிச்சத்தைக் கூட்டினாள். கேமராவைக் கண்ணில் வைக்கவில்லை. வைத்தால் முகம் மறைந்துவிடுமே. கழுத்தில் மாட்டி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையை மேலே மடக்கி, குனியாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும்படி வைத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள், முகவாயைக் கொஞ்சம் இறக்கினாள். குளிர் காதைக் கடித்தது.

மரத்திலிருந்து ஒன்று கத்தியது.

முதல் அடி உச்சந்தலையில் விழுந்தது. அவள் அசையவில்லை. இரண்டாவது காதோரமாகச் சிறகால் விழுந்த அறை, கண்ணில் நீர் வந்துவிட்டது. மூட்டத்துக்குள்ளிருந்து கறுப்பு கறுப்பாக வந்துகொண்டே இருந்தன. தலைக்கு மேலே ஒரே கூச்சல். படிக்கட்டில் நின்ற நாத்தனார், "அண்ணி, வந்துடுங்க! புத்தகமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்!" என்று அலறினாள். பாஸ்போர்ட்டக்கா கையை மட்டும் ஆட்டி, உள்ளே போ என்றாள். குனியக் கூடாது, முகத்தைத் திருப்பக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. அடுத்தவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னதைத் தான் செய்வது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஏழெட்டு நிமிஷம் இருக்கும். திருப்பி அடிக்காத, ஓடாத ஆளை எத்தனை நேரம்தான் அடிப்பது? கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து மரத்துக்குப் போயிற்று. ஒன்று மட்டும் போகவில்லை. கைப்பிடிச் சுவரில், அவளுக்கு நேர் எதிரே வந்து இறங்கியது. கழுத்தில் சாம்பல் நிறம், வெயில் காலத்தில் ஜன்னலை இடித்த மூக்கின் நுனி தேய்ந்திருந்தது, நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கியது. காகம் எதையும் ஒரு கண்ணால்தான் சாய்த்துப் பார்க்கும். இது அப்படிப் பார்க்கவில்லை. தலையை நேராகத் திருப்பி, இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கண்கள் அவள் பக்கம் பார்த்திருக்கின்றன. அவை எல்லாம் பார்த்தது கேமராவை. முதன்முதலாக ஒன்று அவளைப் பார்த்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, அழுகையாக வந்தது. "நான்தான்" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாயில் வந்தது பழக்கதோஷம்தான்.

"கண்ணை மூடாதீங்க," என்றாள் மெதுவாக.

மூன்று முறை அழுத்தினாள். மூன்றாவது முறைக்குப் பிறகு காகம் ஒரு தரம் கத்திவிட்டு மூட்டத்துக்குள் போய்விட்டது.

பதினொரு மணிக்குப் பதிப்பகத்தில் இருந்தாள். நெற்றியில் ஒரு கீறல், தலையில் புடைப்பு, பையில் பென் டிரைவ், முகத்தில் வெற்றி. இரண்டாவது மாடியில் தாள் கட்டுகளுக்கு நடுவே இருந்த மேசையில் பதிப்பகத்து அம்மா படத்தைத் திறந்தார். திறந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"புலிக்காரரோட காக்காவை நேத்துத்தான் பாத்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனா அது பாட்டுக்கு எங்கயோ பாக்குது," என்றார். "இது… எப்படிங்க உங்களை இப்படிப் பாக்குது? ஏதாவது வெச்சுப் பழக்கினீங்களா?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல. சுவத்துல உக்காந்திருந்துச்சு, எடுத்தேன்." படிவத்தில் பன்னிரண்டாவது கையெழுத்தைப் போட்டு நீட்டினாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"அட்டை இதுதான். வேற பேச்சே இல்லை," என்றார் அந்த அம்மா. "உள்பக்கத்துக்கு உங்க வரி மட்டும் பாக்கி. இங்கயே எழுதிக் குடுத்துடுங்க, மத்தியானம் அச்சுக்குப் போகுது."

மற்றப் பதினொன்றுக்கும் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாள். அணிலுக்கு 'இவர் ஒரு நிமிஷம் சும்மா உட்காரமாட்டார்', பல்லிக்கு 'குளிரில் இவருக்கும் எழுந்திருக்கப் பிடிக்காது' என்ற மாதிரி. காகத்துக்கும் வழியெல்லாம் ஒன்று யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். தாளை முன்னால் இழுத்தவள் அதை எழுதவில்லை. ஒரே மூச்சில் வேறு எழுதி, தாளைத் திருப்பி அந்தப் பக்கம் தள்ளினாள்.

'இதன் குஞ்சைப் படம் எடுப்பதற்காக நான் தூக்கிக்கொண்டு போனேன். அது பிழைக்கவில்லை. இது என்னைத்தான் பார்க்கிறது.'

பதிப்பகத்து அம்மா படித்தார். நிமிர்ந்து அவள் நெற்றிக் கீறலைப் பார்த்தார். திரும்பவும் படித்தார். 

"குழந்தைங்க புத்தகம்ங்க இது," என்றார் கடைசியில்.

"குழந்தைங்கதான் மேடம் குஞ்சு கீழ கிடந்தா முதல்ல பாப்பாங்க. கையும் பரபரக்கும். தொடாதேன்னு யாராவது சொல்லணும்ல? எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா கேட்டிருப்பேனான்னும் தெரியல."

அந்த அம்மா பென்சிலை எடுத்தார், வைத்தார். இருபத்திரண்டு வருஷ ஆசையைப் பற்றி அவருக்கும் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தாளே.

"சரி, வரி இருக்கட்டும். ஒரு எழுத்தும் மாத்தல," என்றார் மெதுவாக. "ஆனா பாக்கிறவங்க நாலு விதமாப் பேசுவாங்க. உங்க ஊருக்கே போகப் போற புத்தகம். இந்த ஒரு பக்கத்துல மட்டும் கீழ உங்க பேரை விட்டுடட்டுமா? மத்த பதினொண்ணுல இருக்கும், அட்டையில இருக்கும். யாரும் கவனிக்க மாட்டாங்க."

பாஸ்போர்ட்டக்கா மேசையில் கிடந்த தன் வரியை ஒருமுறை பார்த்தாள்.

"வேணாம் மேடம். அட்டையில வேணும்னா விட்டுடுங்க. இதுக்குக் கீழ போடுங்க. முழுப் பேரையும் போடுங்க, இனிஷியலோட."